தோர்பாஜ் பாலம், 1931: வெடி வைத்தவன் ஒருவன், தூக்கிலேறியவர்கள் வேறு இருவர்

நூலகப்பறவை:

1931 செப்டம்பர் 12 இரவு புடாபெஸ்ட்டிலிருந்து வியன்னாவுக்குப் புறப்பட்ட விரைவு ரயில், நள்ளிரவைத் தாண்டிய சற்று நேரத்தில், நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தோர்பாஜ் என்ற ஊரின் பள்ளத்தாக்குப் பாலத்தின் மேல் சென்றுகொண்டிருந்தபோது, தண்டவாளத்தில் வைக்கப்பட்டிருந்த வெடி வெடித்தது. இயந்திரமும் அதனை அடுத்திருந்த பெட்டிகளும் 25 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து பள்ளத்தில் விழுந்தன. பின்பகுதிப் பெட்டிகள் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டன. 22 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இன்று பியாதோர்பாஜ் என்ற பெயரில் அவ்வூர் அறியப்படுகிறது.

விபத்து நடந்த இடத்தில் கையால் எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. தொழிலாளர்களுக்கு உரிமை இல்லையென்றால் முதலாளிகளிடமிருந்து அதை வன்முறையால் பறித்துத் தருவோம் என்றும், ஒவ்வொரு மாதமும் எங்களைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள் என்றும், எங்கள் தோழர்கள் எல்லா இடங்களிலும் இருக்கிறார்கள் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத ஹங்கேரியப் பிரதமர் ஜூலா காரோயியின் அரசு, இது கம்யூனிஸ்டுகளின் வேலை என்று முடிவு கட்டியது. சில நாட்களுக்குள் நாடு முழுவதற்கும் ஸ்டடேரியம் எனப்படும் அவசர நீதிமன்ற ஆணை பிறப்பிக்கப்பட்டது.

வெடியை வைத்தவனுக்குக் கம்யூனிஸ்டுக் கட்சியோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவன் பெயர் சில்வெஸ்டர் மாதுஷ்கா. வியன்னாவில் குடும்பத்தோடு வசித்துவந்த ஹங்கேரிய வணிகன். முதல் உலகப் போரில் அதிகாரியாகப் பணியாற்றியவன். இந்த விபத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அவனுடைய விசித்திரமான குணத்தைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதைவிட அந்தக் கடிதமே முக்கியமாகப் படுகிறது. வெடிமருந்தைப் போலவே அக்கடிதமும் குற்றவாளி கொண்டுவந்து வைத்த ஒரு பொருள்தான். ஆனால் வெடிமருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்ட அரசு, கடிதத்தை மட்டும் உண்மை பேசும் சாட்சியாக ஏற்றுக்கொண்டது. இது எப்படி நேர்ந்தது என்பதைப் பற்றி நண்பர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.


பாதைக்காவலன்:

அம்மையீர், நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள். பணிக்காலம் முழுவதையும் இருப்புப்பாதைப் பராமரிப்பில் கழித்தவன் என்ற முறையில், அரசியலுக்குப் போவதற்கு முன் பாலத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். அவை உங்கள் கேள்விக்கும் உதவும் என்றே நினைக்கிறேன்.

தோர்பாஜில் பாலம் இடியவில்லை. பலர் "பாலம் தகர்க்கப்பட்டது" என்று எழுதுகிறார்கள், அது சரியன்று. தகர்ந்தது தண்டவாளம். பாலம் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள், 1970களில் பாதை வேறு வழியில் மாற்றப்படும் வரை, ரயில்களைச் சுமந்தது. பாலத்தையே குறிவைத்த நாசவேலை எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் நடந்த பிளாட் ஆற்றுப் பால விபத்தைச் சொல்லலாம். 1861 செப்டம்பர் 3 அன்று மிசௌரி மாநிலத்தில், ஹானிபாலிலிருந்து செயின்ட் ஜோசப் செல்லும் பாதையில், தென் மாநிலங்களை ஆதரித்த ஆயுதக் குழுவினர் மரப்பாலத்தின் கீழ்த்தாங்கிகளை எரித்து வைத்தார்கள். மேலே தண்டவாளம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. இரவில் வந்த பயணிகள் ரயிலின் பாரம் ஏறியதும் பாலம் அப்படியே அமிழ்ந்தது. இருபது பேர் வரை மாண்டார்கள். அங்கே நாசவேலைக்காரர்கள் பாலத்தைப் பலவீனப்படுத்திவிட்டு, மீதியை ரயிலின் எடையிடம் விட்டார்கள்.

தோர்பாஜில் நடந்தது வேறு. இரும்பு உத்தரங்களைக் கல்தூண்கள் தாங்கும் ஒரு பாலத்தை வீழ்த்த வேண்டுமானால் பெரும் அளவு வெடிமருந்தும், அதைத் துளையிட்டுப் பொருத்த நேரமும், பல ஆட்களும் தேவை. தண்டவாளத்தில் ஒரு சிறு பகுதியைப் பெயர்க்க ஒருவன் போதும். சமதரையில் தண்டவாளம் முறிந்தால் தடம் புரண்ட சக்கரங்கள் ஜல்லியிலும் குறுக்குக்கட்டைகளிலும் உழுதுகொண்டு போகும். பெட்டிகள் சாயும், ஆனால் நிலம் அவற்றைத் தாங்கிக்கொள்ளும். பாலத்தின் மேல் பக்கவாட்டில் நிலமே கிடையாது. முன்னால் போகும் இயந்திரம் விளிம்பைத் தாண்டினால், இணைப்புக் கொக்கிகள் அறும் வரை அடுத்த பெட்டியையும் இழுத்துக்கொண்டே போகும். நீண்ட பாலங்களில் ஓடும் தண்டவாளத்துக்கு உள்பக்கமாகக் காவல் தண்டவாளம் பொருத்துவதே, தடம் புரண்ட சக்கரம் விளிம்பை நோக்கி நகராமல் தடுப்பதற்காகத்தான்.

எனவே குற்றவாளி பாலத்தைத் தாக்கவில்லை. பாலத்தின் உயரத்தைப் பயன்படுத்திக்கொண்டான். இதைச் செய்ய அமைப்போ, ஆள்படையோ, "எல்லா இடங்களிலும் இருக்கும் தோழர்களோ" தேவையில்லை. தடயத்தைப் பார்த்த எந்தப் பாதைப் பொறியாளரும் அன்றே இதைச் சொல்லியிருக்க முடியும். கடிதம் ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிப் பேசியது. பாலத்தின் மேல் இருந்த தடயமோ ஒரே ஆளைத்தான் காட்டியது.


இரவுநட்சத்திரம்:

ஐயா, மாதுஷ்காவுக்கு இது முதல் முயற்சி இல்லை என்று படித்திருக்கிறேன். முந்தைய முயற்சிகளோடு இதைக் காவல்துறை ஏன் உடனே இணைத்துப் பார்க்கவில்லை?


பாதைக்காவலன்:

நல்ல கேள்வி, தம்பி. அந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு தொழிலாளி தன் கைவேலையில் தேர்ச்சி பெறுவதைப் போன்ற ஒரு வளர்ச்சி தெரிகிறது. அதை எழுதும்போதே மனம் கனக்கிறது. 1930ஆம் ஆண்டின் கடைசி இரவிலும், 1931 ஜனவரி 30 அன்றும் ஆஸ்திரியாவில் மரியா அன்ஸ்பாக் அருகே பாதையைச் சேதப்படுத்தினான். இரண்டிலும் பெரிய சேதம் இல்லை. அந்தக் கட்டத்தில் அவனிடம் வெடிமருந்து இல்லை. ஆகஸ்ட் 8 அன்று ஜெர்மனியில், பெர்லினுக்குத் தெற்கே யூட்டர்போக் அருகில், பாசலிலிருந்து பெர்லின் சென்ற விரைவு ரயிலுக்கு வெடி வைத்தான். பெட்டிகள் தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஆனால் பெருத்த உயிர்ச்சேதம் நேரவில்லை. அதற்கு அடுத்த மாதம் தோர்பாஜ்.

முதலில் கருவி மட்டும், பிறகு வெடிமருந்து, கடைசியாக வெடிமருந்தோடு உயரம். யூட்டர்போக்கில் அவன் எதிர்பார்த்த அழிவு நேராததற்குக் காரணம் இடம் என்பதை அவன் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மூன்று நாடுகளின் ரயில்வே அதிகாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்த வரிசை கண்ணில் பட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் நடந்ததை மட்டுமே பார்த்தது. ரயில்கள் எல்லையைத் தடையின்றிக் கடந்தன. விசாரணைக் கோப்புகள் அவ்வளவு எளிதாகக் கடக்கவில்லை.


நூலகப்பறவை:

ஐயா கூறியதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். யூட்டர்போக்கிலும் ஒரு "கடிதம்" இருந்தது. அங்கே கிடைத்தது நாஜிக் கட்சியின் பெர்லின் நாளேடான "டேர் ஆங்கிரிஃப்" இதழின் ஒரு பிரதி. அதன் மேல் ஸ்வஸ்திகாவும், புரட்சி, வெற்றி போன்ற சொற்களும் கையால் எழுதப்பட்டிருந்தன. ஜெர்மனியில் அவன் விட்டுச் சென்றது நாஜிகளின் அடையாளம். ஐந்து வாரம் கழித்து ஹங்கேரியில் அவன் விட்டுச் சென்றது கம்யூனிஸ்டுகளின் குரல். ஒருவன் எந்தக் கொள்கைக்காகவும் இதைச் செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அவன் எந்த நாட்டில் எந்த அச்சம் பழுத்துக் கிடந்தது என்பதை அறிந்திருந்தான். 1931 மே மாதம் வியன்னாவின் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி நொடித்தபின் மத்திய ஐரோப்பா முழுவதும் பண நெருக்கடி பரவியது. ஹங்கேரியில் பத்தாண்டுகள் ஆட்சி செய்த பிரதமர் பெத்லன் ஆகஸ்டில் பதவி விலகினார். வேலையின்மை பெருகியது. 1919இல் பேலா குன் தலைமையில் சில மாதங்கள் நீடித்த சோவியத் ஆட்சியின் நினைவும், அதை அடுத்து நடந்த பழிவாங்கல்களின் நினைவும் ஆளும் வட்டாரத்தில் ஆறாமல் இருந்தன. கம்யூனிஸ்டுக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. இத்தகைய நேரத்தில் "தொழிலாளர்களே" என்று தொடங்கும் ஒரு கடிதம் சடலங்களுக்கு நடுவே கிடைத்தால், அதைச் சந்தேகிக்க ஆட்சியாளருக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்ததை அக்கடிதம் சொன்னது. அதனால் அதற்குச் சான்று கேட்கப்படவில்லை.


வழக்குமன்றம்:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். எதிர்த்தரப்பையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் அந்த அரசின் ஆதரவாளன் அல்லன்.

செப்டம்பர் 13 காலையில் அமைச்சரவையின் முன் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். 22 பேர் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் இது தொடரும் என்று எழுத்தில் மிரட்டல் இருக்கிறது. ஐந்து வாரங்களுக்கு முன்புதான் ஜெர்மனியில் இதே போன்ற ஒரு வெடிப்பு நடந்திருக்கிறது. எழுதியவன் யாராக இருந்தாலும், மிரட்டலைச் செயல்படுத்தும் ஆற்றல் அவனுக்கு இருக்கிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அந்த நிலையில் எந்த அரசும் கைகட்டி நிற்க முடியாது. குற்றவாளி யார் என்று உறுதியாகும் வரை பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எடுத்த நடவடிக்கை ஆபத்துக்குப் பொருத்தமானதா என்பதே சட்டத்தின் கேள்வி. பாதைக்காவலன் ஐயா பிளாட் ஆற்றைக் குறிப்பிட்டதால் அங்கிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். 1861 டிசம்பரில் மிசௌரியில் பாலங்களும் தண்டவாளங்களும் பரவலாக அழிக்கப்பட்டபோது, வடதரப்புத் தளபதி ஹாலெக், அச்செயலில் ஈடுபடும்போதே பிடிபடுபவரைச் சுட்டுவிட ஆணையிட்டார். மிகக் கொடிய ஆணைதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. என்றாலும் அது பாலத்தோடும் பாதையோடும் பிணைக்கப்பட்ட ஆணை. கையில் தீப்பந்தத்தோடு பிடிபட்டவனைப் பற்றியது.

ஹங்கேரியின் அவசர நீதிமன்ற ஆணை அப்படிப்பட்டதல்ல. அது வெடிகுண்டோடு நிற்காமல் அரசைக் கவிழ்க்க முயல்வது போன்ற அரசியல் குற்றங்களையும் உள்ளடக்கியது. அத்தகைய நீதிமன்றத்தில் விசாரணை நாட்கணக்கில் முடியும், மேல்முறையீடு கிடையாது, குற்றம் உறுதியானால் மரணம், தீர்ப்பு வந்த நாளே தூக்கு. ஒரு ரயில் வெடிப்பைக் காரணம் காட்டி, ரயிலோடு தொடர்பே இல்லாத செயல்களுக்கும் இந்தத் தண்டனை விரிக்கப்பட்டது. ஆகவே கடிதத்தை நம்பியதை மட்டும் நான் பெருங்குற்றமாகக் கருத மாட்டேன். கடிதம் சொன்னதற்கும் அப்பால் ஆணையை நீட்டியதுதான் முதல் தவறு.


நூலகப்பறவை:

நண்பர் வழக்குமன்றம் எடுத்துக்காட்டிய வேறுபாடு மிகவும் பயனுள்ளது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாட்களின் வரிசையை இங்கே முழுமையாக வைக்க வேண்டும். அது இல்லாமல் இந்த வாதம் நிறைவு பெறாது.

மாதுஷ்கா வெடிப்பு நடந்த இரவில் அங்கேயே நின்றான். உயிர் தப்பிய பயணிகளுக்கிடையே கலந்து, தானும் அந்த ரயிலில் வந்தவன் என்று சொல்லிக்கொண்டான். பிறகு, இழந்துவிட்டதாகக் கூறிய பயணப்பொருட்களுக்காக ரயில்வேயிடம் இழப்பீடும் கேட்டான். இந்த இழப்பீட்டுக் கோரிக்கையே விசாரணையாளர்களின் கவனத்தை அவன் பக்கம் திருப்பியவற்றுள் ஒன்று. அவன் சொன்ன பெட்டியில் அவனைப் பார்த்ததாக எவரும் நினைவுகூரவில்லை. ஹங்கேரியக் காவல்துறையில் விசாரணையை நடத்திய ஷ்வைனிட்ஸர் அவன்மேல் ஐயம் கொண்டார். ஆஸ்திரியாவில் அவன் ஒரு கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்து, அதன் பேரில் சட்டப்படியே வெடிமருந்து வாங்கியிருந்ததும் வெளிப்பட்டது. அக்டோபரில் வியன்னாவில் கைது செய்யப்பட்டு, அதே மாதத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இதைக் கண்டுபிடிக்க எந்த அவசர நீதிமன்றமும் தேவைப்படவில்லை. பயணிகளின் வாக்குமூலங்களை ஒப்பிட்டதும், வெடிமருந்து விற்பனைப் பதிவுகளைப் புரட்டியதும், இரண்டு நாட்டுக் காவலர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பியதும் போதுமானதாக இருந்தன. ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேலை முடிந்தது.

ஆணை மட்டும் நீடித்தது. 1932 ஜூலையில் இம்ரே ஷல்லாய், ஷாண்டோர் ஃபூர்ஸ்ட் என்ற இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர்கள் புடாபெஸ்ட்டில் பிடிபட்டார்கள். ஜூலை 29 அன்று அவசர நீதிமன்றம் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது, அன்றே தூக்கிலிட்டார்கள். தோர்பாஜ் வெடிப்பு அவர்கள்மீது சுமத்தப்படவே இல்லை. சுமத்தவும் முடியாது, வெடி வைத்தவன் ஒன்பது மாதங்களாக ஆஸ்திரியாவில் சிறையில் இருந்தான். அது உலகத்துக்கே தெரியும். தோர்பாஜின் பெயரால் கொண்டுவரப்பட்ட ஆணையின் கீழ், தோர்பாஜோடு தொடர்பில்லாத இருவர், தோர்பாஜின் உண்மைக் குற்றவாளி அறியப்பட்ட பின்னர் உயிரிழந்தார்கள். கவிஞர்கள் அட்டிலா யோஜெஃபும் ஜூலா இய்யேஷும் இந்த மரண தண்டனையை எதிர்த்துத் துண்டறிக்கை வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


இரவுநட்சத்திரம்:

இந்தத் தேதிகளைப் படித்ததும் எனக்கு மஞ்சூரியா நினைவுக்கு வந்தது. 1928 ஜூன் 4 அன்று ஹுவாங்குதுன் என்ற இடத்தில், ஒரு ரயில்பாதையின் மேலாக இன்னொரு பாதை கடக்கும் பாலத்தில் வெடி வைத்து, சீனத் தளபதி ஜாங் சோலினின் தனி ரயிலைத் தாக்கினார்கள், அவர் இறந்தார். செய்தவர்கள் ஜப்பானின் குவாண்டங் படையினர். திட்டமிட்டவர் கோமோட்டோ என்ற அதிகாரி. பழியைத் தென்சீனப் படையினர் மேல் போடுவதற்காக, சீனர்கள் சிலரைக் கொன்று அவர்களையே குண்டு வைத்தவர்கள் போலக் காட்டினார்கள்.

தோர்பாஜ் வெடிப்புக்கு ஐந்து நாள் கழித்து, 1931 செப்டம்பர் 18 அன்று, முக்டன் அருகே அதே படை மீண்டும் தண்டவாளத்தில் வெடி வைத்துச் சீனர்கள்மீது பழி போட்டது. அந்த வெடிப்பு எவ்வளவு சிறியதென்றால், சற்று நேரத்தில் ஒரு ரயில் அந்த இடத்தைக் கடந்தே போய்விட்டது. ஆனாலும் அதைக் காரணம் காட்டி மஞ்சூரியா முழுவதையும் கைப்பற்றினார்கள். ஒரே வாரத்தில் உலகின் இரு மூலைகளில் நடந்த இவ்விரண்டையும் ஒரே வகையில் சேர்க்கலாமா?


வழக்குமன்றம்:

சேர்க்கக்கூடாது என்பது என் கருத்து. முக்டனில் வெடி வைத்தவர்களும் பழி போட்டவர்களும் அதனால் ஆதாயம் அடைந்தவர்களும் ஒரே தரப்பினர். தோர்பாஜில் வெடி வைத்தவன் வேறு, ஆதாயம் அடைந்தவர்கள் வேறு. ஹங்கேரிய அரசே இதைச் செய்திருக்கும் என்ற ஐயம் அன்று இடதுசாரிகளிடையே எழுந்தது. ஆனால் மாதுஷ்காவின் வாக்குமூலமும், அவன் வாங்கிய வெடிமருந்தின் தடமும் இருக்கும்போது அதை ஏற்க இடமில்லை. கம்யூனிஸ்டுகள்தான் என்று அரசு சான்றின்றி நம்பியதைக் குறை கூறும் நாம், அரசுதான் என்று சான்றின்றிச் சொன்னால் அதே வழியில்தான் நடக்கிறோம்.

இன்னொரு வகையில் பார்த்தால் தோர்பாஜ் அதிகக் கவலை தருகிறது. முக்டனுக்கு ஒரு சதித்திட்டம் வேண்டியிருந்தது. தோர்பாஜுக்கு அதுவும் தேவைப்படவில்லை.


இரவுநட்சத்திரம்:

நன்றி ஐயா. மாதுஷ்கா தன்னை "லியோ" என்ற ஆவி இயக்கியதாக நீதிமன்றத்தில் சொன்னதாகப் படித்தேன். அவன் மனநோயாளியா? உண்மையான நோக்கம்தான் என்ன?


நூலகப்பறவை:

தம்பி, லியோவைப் பற்றி அவன் பேசியது உண்மை. விசாரணையின்போது மாற்றி மாற்றிப் பல காரணங்களைச் சொன்னான். அக்காலச் செய்தித்தாள்கள் அவற்றை வரி விடாமல் அச்சிட்டன. ரயில் கவிழ்வதைப் பார்ப்பதில் அவனுக்கு வக்கிரமான இன்பம் இருந்தது என்ற விளக்கம்தான் பின்னாளில் பெரிதும் பரவியது. நீதிமன்றங்கள் அவனைத் தன் செயலுக்குப் பொறுப்பானவன் என்றே நடத்தின.

இந்த இழை அந்தத் திசையில் போய்விடக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். தொண்ணூறு ஆண்டுகளாக இந்த விபத்தைப் பற்றி எழுதியவர்கள் அவனுடைய மனத்துக்குக் கொடுத்த பக்கங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட அன்று பெட்டியில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. குவாரியைக் குத்தகைக்கு எடுப்பதற்கும், இரண்டு நாடுகளுக்குத் தகுந்தபடி இரண்டு வேறு அரசியல் அடையாளங்களைத் தயாரிப்பதற்கும், இழப்பீட்டு மனு எழுதுவதற்கும் வேண்டிய நிதானம் அவனிடம் இருந்தது. எனக்கு அது போதும்.


பாதைக்காவலன்:

அம்மையார் சொல்வதை வழிமொழிகிறேன். இயந்திரத்தில் இருந்த ஓட்டுநரும் கரி அள்ளிப் போட்டவரும் எத்தகைய நிலையில் இருந்தார்கள் என்பதை எங்கள் துறையில் இருந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். இரவு நேரம், நீராவி இயந்திரத்தின் விளக்கு ஒளியில் முன்னால் தெரிவது சிறிது தூரமே. பாதையில் சிறு பொருள் ஒன்று வைக்கப்பட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ள வழியே இல்லை. கண்டாலும் நிறுத்த இடம் போதாது. அதனால்தான் பாதையைக் காப்பது ஓட்டுநரின் கண்ணை நம்பி விடப்படுவதில்லை. நடந்து சென்று பாதையைப் பார்வையிடும் ஆட்களை நம்பி இருக்கிறது. பாலங்களின் இரு முனைகளிலும் காவல் போடுவதும், முக்கிய ரயிலுக்கு முன்னால் வெற்று இயந்திரம் ஒன்றை ஓட்டிப் பார்ப்பதும், நாசவேலைக்கு அஞ்சும் காலங்களில் பல நாடுகளின் ரயில்வேக்கள் கையாண்ட முறைகள். செலவும் ஆட்களும் வேண்டும். பெயர் வாங்கித் தராத வேலை. ஆனால் மிரட்டல் கடிதத்துக்கு நேரான பதில் அதுதான். "மாதந்தோறும் செய்வோம்" என்று ஒருவன் எழுதினால், அடுத்த மாதம் அவன் வரக்கூடிய பாலங்களில் ஆளை நிறுத்த வேண்டும். ரகசியக் கட்சிக்காரர்களைத் தூக்கிலிடுவதால் எந்தப் பாலத்தின் மேலும் ஒரு காவலாள்கூடக் கூடுதலாக வந்து நிற்பதில்லை.


இரவுநட்சத்திரம்:

மாதுஷ்கா தூக்கிலிடப்பட்டானா? அதை யாரும் இதுவரை குறிப்பிடவில்லையே?


வழக்குமன்றம்:

இல்லை. அன்றைய ஆஸ்திரியாவில் சாதாரண நீதிமன்றங்களில் மரண தண்டனை ஒழிக்கப்பட்டிருந்தது. 1932இல் வியன்னா நீதிமன்றம் அன்ஸ்பாக் முயற்சிகளுக்காக அவனுக்கு ஆறாண்டுக் கடுங்காவல் விதித்தது. பிறகு ஹங்கேரியிடம் ஒப்படைத்தபோது, அங்கே மரண தண்டனை விதித்தாலும் அதை நிறைவேற்றக்கூடாது என்று ஆஸ்திரியா நிபந்தனை விதித்தது. 1934 நவம்பரில் புடாபெஸ்ட் நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத் தண்டனை அளித்தது. நிபந்தனைப்படி அது ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. வாட்ஸ் நகரச் சிறையில் இருந்தான். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், சோவியத் படை நெருங்கிய குழப்பத்தில், சிறையிலிருந்து மறைந்தான். அதன்பின் அவனைப் பற்றி வந்தவை வதந்திகள் மட்டுமே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாதுஷ்காவைத் தூக்கிலிடாததை நான் குறையாகக் காணவில்லை. ஆஸ்திரியா தன் சட்டத்தின்படி நடந்தது. ஹங்கேரி தான் தந்த வாக்கைக் காப்பாற்றியது. அவனுக்கு வழக்கறிஞர் இருந்தார், மாதக்கணக்கில் விசாரணை நடந்தது, மனநல மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 22 பேரைக் கொன்றவனுக்கு இவ்வளவும் கிடைத்தது சரியே. ஷல்லாய்க்கும் ஃபூர்ஸ்ட்டுக்கும் இதில் எதுவும் கிடைக்கவில்லை.


நூலகப்பறவை:

அப்படியானால் உங்கள் முடிவு என்ன? ஆணையைப் பிறப்பித்ததே தவறா, அல்லது நீட்டித்தது மட்டும் தவறா? என் கருத்தில் முதலாவதே தவறு. அச்சத்தில் தீட்டப்பட்ட ஆணை ஒன்று கையில் கிடைத்தபின், காரணம் மறைந்துவிட்டது என்பதற்காக அதைத் திருப்பிக் கொடுக்கும் அரசை நான் வரலாற்றில் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆகவே அதைப் பிறப்பிக்கும் நேரத்திலேயே எதிர்க்க வேண்டும்.


வழக்குமன்றம்:

உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் அந்த அளவுக்கு என்னால் வர முடியவில்லை. செப்டம்பரில் மிரட்டல் உண்மையாக இருந்தது. பாதைக்கும் பாலத்துக்கும் வெடிமருந்துக்கும் மட்டும் பொருந்தும்படி, காலவரையறையோடு ஓர் ஆணை வந்திருந்தால் நான் அதை எதிர்த்திருக்க மாட்டேன். அரசியல் குற்றங்களை அதில் சேர்த்தது செப்டம்பரில் நடந்த தவறு. மாதுஷ்கா வியன்னாவில் ஒப்புக்கொண்ட அன்றே, அக்டோபரில், ஆணையை விலக்கிக்கொள்ளாதது இரண்டாவது தவறு. முதல் தவறுக்கு அச்சம் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தக் காரணமும் இல்லை; கடிதத்தை எழுதிய கை எது என்று அதற்குள் அமைச்சரவைக்குத் தெரியும். அடுத்த ஜூலை வரை ஆணையை வைத்திருந்தது அவர்கள் எடுத்த முடிவு. அதற்கான பொறுப்பு மாதுஷ்காவினுடையது அல்ல, அவர்களுடையது.